ஜேஎஸ்எஃப்-இல் சொந்த எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரி: பதிவு செய்தும் அழைக்கப்படாதது ஏன்?

கேள்வியின் சுருக்கம் இது. டாம்கேட் 9 சர்வரில், மொஜாரா என்னும் செயலாக்கத்துடன் ஓடும் ஜேஎஸ்எஃப் 2.3 (ஜாவாவில் வலைப் பயன்பாடு கட்டும் கட்டமைப்பு) பயன்பாடு ஒன்றில், செஷன் முடிந்தபின் எழும் வியூ எக்ஸ்பயர்டு எக்செப்ஷனை (சேமித்த பக்க நிலை காலாவதியானதைச் சொல்லும் பிழை) பிடித்துப் பயனரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புவதற்காகச் சொந்தமாக ஓர் எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரியை (பிழைகளைக் கையாளும் ஹேண்ட்லரை உருவாக்கித் தரும் கிளாஸ்) எழுதி, ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்பில் பதிவு செய்திருக்கிறீர்கள். ஃபேக்டரியின் கன்ஸ்ட்ரக்டரில் வைத்த லாக் வரி, பயன்பாடு தொடங்கும்போது தெரிகிறது. பொதுப் பக்கங்களில் எல்லாம் எதிர்பார்த்தபடியே நடக்கிறது. உள்நுழைந்தவர்களுக்கான பக்கங்களில் மட்டும், செஷன் முடிந்தபின் ஏஜாக்ஸ் பொத்தானை (முழுப் பக்கத்தையும் ஏற்றாமல் பின்னணியில் கோரிக்கை அனுப்புவது) அழுத்தினால் திரையில் ஒன்றும் நடப்பதில்லை. ஹேண்ட்லரின் ஹேண்டில் மெத்தடில் வைத்த லாக் வரியும் வருவதில்லை. உள்நுழைவைச் சோதிப்பது நீங்களே எழுதிய ஒரு சர்வ்லெட் ஃபில்டர், அதாவது கோரிக்கையை முன்கூட்டியே இடைமறிக்கும் நிரல். பதிவு செய்ததில் எங்கே பிழை என்பதும், ஃபேக்டரிக்கு அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் போதுமா என்பதும், ஜகார்த்தா பதிப்புக்கு (ஜேஎஸ்எஃப்-இன் பிந்தைய வடிவம்) மாறும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் உங்கள் கேள்விகள்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: பதிவில் பிழை இல்லை. நீங்கள் தந்த இரண்டு லாக் விவரங்களே அதைச் சொல்லிவிடுகின்றன. கன்ஸ்ட்ரக்டர் ஓடியிருக்கிறது என்றால் ஃபேக்டரி கண்டறியப்பட்டு உருவாக்கப்பட்டுவிட்டது. ஹேண்டில் மெத்தடோ, எக்செப்ஷன் எழுந்தால் மட்டும் அழைக்கப்படுவது அன்று. ஒவ்வொரு கோரிக்கையிலும் செயலாக்கத்தின் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் அழைக்கப்படுவது. ஆகவே எக்செப்ஷன் இல்லாத சாதாரணக் கோரிக்கைக்குக்கூட அந்த லாக் வரி பல முறை வந்திருக்க வேண்டும். ஒரு முறைகூட வரவில்லை என்றால், அந்தக் கோரிக்கை ஜேஎஸ்எஃப்-இன் நுழைவாயிலான ஃபேசஸ் சர்வ்லெட்டை எட்டவே இல்லை. அதைத் தடுத்தது உங்கள் உள்நுழைவு ஃபில்டர். அதைச் சரிசெய்யும் வழியைப் பின்னால் சொல்கிறேன். உங்கள் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கான விடை, ஃபேக்டரிகளை இந்தக் கட்டமைப்பு எப்படித் தேடி அடுக்குகிறது என்பதில் இருப்பதால் முதலில் அதைப் பார்ப்போம்.

ஜேஎஸ்எஃப் தன் அடிப்படைப் பொருள்களை ஃபேக்டரி ஃபைண்டர் என்னும் கிளாஸ் வழியாகவே பெறுகிறது. 2004-இல் வந்த முதல் பதிப்பிலேயே அப்ளிகேஷன், ஃபேசஸ் கான்டெக்ஸ்ட், லைஃப்சைக்கிள், ரெண்டர் கிட் ஆகிய நான்குக்கும் ஃபேக்டரிகள் இருந்தன. 2009-இல் வெளிவந்த 2.0 பதிப்பு எக்செப்ஷன் ஹேண்ட்லர், எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்ட், பார்ஷியல் வியூ கான்டெக்ஸ்ட் முதலியவற்றுக்கும் ஃபேக்டரிகளைச் சேர்த்தது. பிந்தைய பதிப்புகளில் இன்னும் சில வந்தன. இவை எல்லாவற்றுக்கும் பதிவு முறை ஒன்றே. ஃபேசஸ்-கான்ஃபிக் என்னும் வேர் உறுப்புக்குள் ஃபேக்டரி என்னும் உறுப்பு, அதற்குள் எந்த வகை ஃபேக்டரி என்பதைக் குறிக்கும் உறுப்பு, அதற்குள் உங்கள் கிளாஸின் முழுப் பெயர், பேக்கேஜ் உட்பட. நம் விஷயத்தில் அந்த உள் உறுப்பின் பெயர் எக்செப்ஷன்-ஹேண்ட்லர்-ஃபேக்டரி. சிற்றெழுத்துகளில், சொற்களுக்கு இடையே இணைப்புக் கோட்டுடன் எழுத வேண்டும். கோப்பின் தலையில் உள்ள பதிப்பு எண்ணையும் நேம்ஸ்பேஸையும் ஒரு முறை பாருங்கள். பழைய திட்டத்திலிருந்து நகலெடுத்த கோப்பு 1.2 என்றே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பதிப்பின் வரையறையில் இந்த உறுப்பே கிடையாது.

ஃபேக்டரி ஃபைண்டர் தேடும் இடங்களுக்கு ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. உங்கள் பயன்பாட்டின் வெப்-இன்ஃப் கோப்புறையில் உள்ள ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்புக்கே முதல் உரிமை. அதற்குக் கீழே, கான்ஃபிக் ஃபைல்ஸ் என்னும் கான்டெக்ஸ்ட் அளவுருவில் நீங்கள் பெயர் குறிப்பிட்ட கோப்புகள். அதற்கும் கீழே, ஜார்களுக்குள் மெட்டா-இன்ஃப் கோப்புறையில் இருக்கும் கோப்புகள். ப்ரைம்ஃபேசஸ், ஆம்னிஃபேசஸ் போன்ற நூலகங்கள் தம் பங்கைச் சொல்லும் இடம் இதுதான். அடுத்து, மெட்டா-இன்ஃப் கோப்புறையின் சர்வீசஸ் துணைக் கோப்புறையில் ஃபேக்டரியின் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் பெயரையே பெயராகக் கொண்ட கோப்பு. அதன் முதல் வரியில் எழுதிய கிளாஸ் எடுத்துக்கொள்ளப்படும். இவை எதிலும் எதுவும் இல்லாவிட்டால் மொஜாராவோ, மற்றொரு செயலாக்கமான மைஃபேசஸோ தன்னுடைய சொந்தக் கிளாஸைத் தரும்.

இதைப் படிக்கும் பலர், மேலே இருப்பது கிடைத்துவிட்டால் கீழே இருப்பது தள்ளப்பட்டுவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நடப்பது வேறு. அடுக்கு கீழிருந்து மேலாகக் கட்டப்படுகிறது. முதலில் மொஜாராவின் சொந்த ஃபேக்டரி உருவாகிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு கிளாஸிலும், அப்ஸ்ட்ராக்ட் ஃபேக்டரி வகையையே ஒற்றை அளவுருவாக வாங்கும் பப்ளிக் கன்ஸ்ட்ரக்டர் இருக்கிறதா என்று பார்க்கப்படுகிறது. இருந்தால், அதுவரை கட்டிய அடுக்கு அதன் கையில் கொடுக்கப்படுகிறது. வெப்-இன்ஃப் கோப்பில் உள்ள உங்கள் கிளாஸ் கடைசியாக வருவதால் எல்லாவற்றையும் உறையிட்டு வெளியே நிற்கிறது. கடைசியாக வந்ததால்தான் முதலில் பேசும் உரிமையும் அதற்குக் கிடைக்கிறது. சொந்த ஃபேக்டரி எழுதுவது என்றால், இருப்பதை அகற்றிவிட்டு நம்முடையதை வைப்பது அன்று, இருக்கும் சங்கிலியின் தலையில் ஒரு கண்ணியைச் சேர்ப்பதே. இந்த விஷயத்தில் எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை, சங்கிலியை யாரோ ஓரிடத்தில் அறியாமல் அறுத்துவிட்டதால் வருபவை.

உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் தீர்கிறது. அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் மட்டும் இருந்தாலும் ஃபேக்டரி உருவாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் கீழிருந்த அடுக்கு உங்கள் கைக்கு வராமலே போய்விடும். மொஜாராவின் இயல்பான கையாளல், நூலகங்கள் சேர்த்த கையாளல் இரண்டும் அத்துடன் போயின. எனவே ஒற்றை அளவுரு கன்ஸ்ட்ரக்டர் எழுதுவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். அளவுருவின் வகை எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரி என்னும் அந்த அப்ஸ்ட்ராக்ட் கிளாஸாகவே இருக்க வேண்டும்; ஆப்ஜெக்ட் என்றோ வேறொரு துணைக் கிளாஸ் என்றோ எழுதினால், ரிஃப்ளெக்ஷன் வழியாகத் தேடும் ஃபேக்டரி ஃபைண்டருக்கு அது கண்ணில் படாது. 2.3 பதிப்பில் அந்த அளவுருவை சூப்பர் அழைப்புக்கு அப்படியே கொடுத்துவிட்டால் போதும், உள்ளே இருக்கும் ஃபேக்டரியைத் திருப்பித் தரும் கெட் ராப்டு மெத்தடைத் தாய்க் கிளாஸே பார்த்துக்கொள்ளும். 2.2-இலும் அதற்கு முந்தைய பதிப்புகளிலும் அந்த வசதி இல்லை. அங்கே அளவுருவை நீங்களே ஒரு ஃபீல்டில் வைத்து, கெட் ராப்டு மெத்தடையும் நீங்களே எழுதித் தர வேண்டும். பழைய திட்டத்தின் நிரலைப் பார்த்து எழுதுபவர்கள் இரண்டு பாணியையும் கலந்துவிடுகிறார்கள். அதனால் தவறு எதுவும் நேராது, ஆனால் தேவையற்ற வரிகள் மிஞ்சும்.

சங்கிலி சரியாக இருக்கிறதா என்று அறிய, கன்ஸ்ட்ரக்டரில் வெறுமனே 'வந்துவிட்டேன்' என்று லாக் எழுதுவதை விட, கையில் கிடைத்த ஃபேக்டரியின் கிளாஸ் பெயரை எழுதுங்கள். காம்.சன்.ஃபேசஸ் என்று தொடங்கும் பெயர் வந்தால் உங்களுக்குக் கீழே மொஜாரா நேரடியாக இருக்கிறது. ஓஆர்ஜி.அப்பாச்சி.மைஃபேசஸ் என்று தொடங்கினால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் செயலாக்கமே வேறு. நூலகம் ஒன்றின் பெயர் வந்தால், உங்களுக்கும் மொஜாராவுக்கும் நடுவே வேறொருவர் இருக்கிறார் என்று பொருள். அப்போது அந்த நூலகமும் இதே எக்செப்ஷனைப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இருவரும் பிடிக்க முயன்றால் தலையில் இருக்கும் நீங்கள் வெல்வீர்கள், ஆனால் நூலகத்தை நம்பி எழுதிய பிழைப் பக்கங்கள் வீணாகும்.

அடுத்தது ஃபேக்டரியின் ஆயுள் என்ன, அது தரும் பொருளின் ஆயுள் என்ன என்பது. சற்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது, ஏனெனில் இங்கே நேரும் தவறு சோதனையில் தெரியாது, நெரிசல் நேரத்தில்தான் தெரியும். ஃபேக்டரி ஒரு பயன்பாட்டுக்கு ஒன்றுதான். மொஜாராவில் அது பயன்பாடு தொடங்கும்போதே உருவாகி, இறுதிவரை அதுவே நிற்கிறது. ஒரு முறை கெட் ஃபேக்டரி அழைக்கப்பட்டுவிட்ட பிறகு, செட் ஃபேக்டரியை அழைத்தாலும் எதுவும் மாறாது. எக்செப்ஷன் ஹேண்ட்லரோ ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒன்று. ஃபேசஸ் கான்டெக்ஸ்ட் உருவாகும் ஒவ்வொரு முறையும் ஃபேக்டரியின் கெட் எக்செப்ஷன் ஹேண்ட்லர் மெத்தட் அழைக்கப்படுகிறது. அது செய்ய வேண்டியது, கீழே உள்ள ஃபேக்டரியிடம் புதிதாக ஒரு ஹேண்ட்லரைக் கேட்டு வாங்கி, அதை உங்கள் ஹேண்ட்லரால் உறையிட்டுத் திருப்பித் தருவது, ஒரே வரி. சிலர் 'ஒவ்வொரு முறையும் நியூ போடுவது வீண்' என்று கருதி, கன்ஸ்ட்ரக்டரிலேயே ஒரு ஹேண்ட்லரை உருவாக்கி ஃபீல்டில் வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் தருகிறார்கள். ஹேண்ட்லருக்குள் இருப்பது அந்தந்தக் கோரிக்கையில் எழுந்த எக்செப்ஷன்களின் வரிசை. அது பொதுவாகிவிட்டால், ஒருவருடைய கோரிக்கையில் எழுந்த பிழை அதே நேரத்தில் வேறொரு கோரிக்கையில் இருப்பவரை உள்நுழைவுப் பக்கத்துக்குத் துரத்தும். தனியாக உட்கார்ந்து சோதிக்கும் நிரலருக்கு இது ஒருநாளும் தெரியப்போவதில்லை. அதே காரணத்தால், ஃபேக்டரியின் ஃபீல்டுகளில் கோரிக்கையையோ பயனரையோ சார்ந்த எதையும் வைக்கக் கூடாது. இன்னொன்று: ஹேண்ட்லரை நாமே நியூ போட்டு உருவாக்குவதால் சிடிஐ (தேவையான பொருள்களைத் தானே கொண்டுவந்து தரும் ஜாவா வசதி) அதைத் தொடுவதில்லை, அதில் இன்ஜெக்ட் என்று குறித்த ஃபீல்டு நல் ஆகவே கிடக்கும். பீன் ஏதாவது தேவைப்பட்டால் ஹேண்டில் மெத்தடுக்குள் சிடிஐ கரண்ட் வழியாகக் கேட்டு வாங்குங்கள்.

இனி ஹேண்டில் மெத்தட். எக்செப்ஷன் ஹேண்ட்லர் ராப்பர் என்னும் கிளாஸிலிருந்து நீட்டித்தால், நீங்கள் எழுத வேண்டியது இந்த ஒரு மெத்தட்தான். கையாளப்படாத எக்செப்ஷன் நிகழ்வுகளின் இட்டரேட்டரை எடுத்து, ஒவ்வொரு நிகழ்வின் கான்டெக்ஸ்டிலிருந்தும் எக்செப்ஷனைப் பெற வேண்டும். அது நேரடியாக வியூ எக்ஸ்பயர்டு எக்செப்ஷனாகவே இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஃபேசஸ் எக்செப்ஷன் என்னும் உறைக்குள் இருக்கலாம். கெட் ரூட் காஸ் மெத்தட் ஃபேசஸ் எக்செப்ஷன், ஈஎல் எக்செப்ஷன் ஆகிய இரண்டு உறைகளை மட்டுமே உரிக்கும். சர்வ்லெட் எக்செப்ஷன் போன்ற பிற உறைகளைத் தாண்ட வேண்டுமானால் கெட் காஸ் மெத்தடைச் சுற்றாக அழைத்து அடிவரை நீங்களேதான் போக வேண்டும். உங்களுக்கு உரியதாக இருந்தால், வேண்டிய செயலைச் செய்துவிட்டு இட்டரேட்டரில் ரிமூவ் அழைத்து அந்த நிகழ்வை வரிசையிலிருந்து நீக்குங்கள். உரியதாக இல்லாவிட்டால் தொடாதீர்கள். சுற்று முடிந்ததும் கெட் ராப்டு தரும் ஹேண்ட்லரின் ஹேண்டில் மெத்தடைக் கட்டாயம் அழையுங்கள்.

இந்த ரிமூவ் வரியை இரண்டு விதமாகக் கெடுக்கலாம். அதை விட்டுவிட்டால், நீங்கள் பயனரைத் திசைதிருப்பிய பிறகும் கீழே உள்ள ஹேண்ட்லர் அதே எக்செப்ஷனை எடுத்து மீண்டும் எறியும். விளைவு டாம்கேட்டின் 500 பக்கம். மாறாக, நிபந்தனைக்கு வெளியே அதை எழுதிவிட்டால் எல்லா எக்செப்ஷன்களும் சத்தமில்லாமல் மறைந்துவிடும். நல்பாயின்டர் எக்செப்ஷன் வந்தாலும் லாகில் எதுவும் இராது, பயனருக்கு வெற்றுப் பக்கம் தெரியும், காரணம் யாருக்கும் விளங்காது. முதல் தவறு உடனே கத்திச் சொல்லிவிடுவதால் ஆபத்து குறைவு. இரண்டாவது தவறோடு பயன்பாடுகள் பல மாதம் ஓடுவதும் உண்டு.

'வேண்டிய செயல்' என்று மேலே சொன்னது திசைதிருப்பல். பல எடுத்துக்காட்டுகளில் நேவிகேஷன் ஹேண்ட்லரை அழைத்து, பிறகு ரெண்டர் ரெஸ்பான்ஸ் அழைப்பார்கள். எக்ஸ்டர்னல் கான்டெக்ஸ்டின் ரீடைரக்ட் மெத்தடை அழைப்பதே எனக்கு எளிதாகப் படுகிறது. சாதாரணக் கோரிக்கை என்றால் அது 302 மறுமொழியைத் தரும். ஏஜாக்ஸ் கோரிக்கை என்றால், ரீடைரக்ட் உறுப்பைக் கொண்ட பார்ஷியல் ரெஸ்பான்ஸ் எக்ஸ்எம்எல்-ஐத் தரும். இரண்டையும் நாம் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. முகவரியின் தொடக்கத்தில் கெட் ரிக்வெஸ்ட் கான்டெக்ஸ்ட் பாத் தருவதைச் சேர்க்க மறக்காதீர்கள். வியூ எக்ஸ்பயர்டு எக்செப்ஷன் எழுவது ரீஸ்டோர் வியூ என்னும் முதல் கட்டத்தில் என்பதால், அந்த நேரத்தில் வியூ ரூட் நல் ஆக இருக்கும். லாக் எழுதுவதற்காக வியூ ஐடியைக் கேட்கும் ஒரு வரியே புதிய எக்செப்ஷனுக்குக் காரணமாகிவிடும். வியூ ஐடி தேவையானால் எக்செப்ஷனிடமே கேளுங்கள், அதில் இருக்கிறது. பிற எக்செப்ஷன்களையும் கையாள நினைத்தால், பக்கத்தை வரைந்துகொண்டிருக்கும் கடைசிக் கட்டத்தில் எழுபவை தனி வகை: மறுமொழியின் ஒரு பகுதி ஏற்கெனவே பிரௌசருக்குப் போயிருந்தால் திசைதிருப்ப முடியாது. இஸ் ரெஸ்பான்ஸ் கமிட்டட் என்று முதலில் கேட்டுப் பாருங்கள். ஃபேஸ்லெட்ஸ் பஃபர் சைஸ் அளவுருவை 64 கேபி அளவுக்கு உயர்த்திவைத்தால் இந்த நிலை பெரும்பாலும் வராது.

இப்போது உங்கள் ஃபில்டருக்கு வருவோம். செஷன் முடிந்த பயனர் ஏஜாக்ஸ் பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை முதலில் ஃபில்டரிடம் வருகிறது. ஃபில்டர் செஷனில் பயனரைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. சென்ட் ரீடைரக்ட் அழைத்து உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புகிறது. பிரௌசரின் எக்ஸ்எம்எல் எச்டிடிபி ரிக்வெஸ்ட் அந்த 302-ஐத் தானாகவே பின்தொடர்ந்து, உள்நுழைவுப் பக்கத்தின் எச்டிஎம்எல்-ஐ 200 என்னும் நிலையோடு வாங்கிக்கொள்கிறது. ஜேஎஸ்எஃப்-இன் ஜாவாஸ்கிரிப்டோ பார்ஷியல் ரெஸ்பான்ஸ் எக்ஸ்எம்எல்-ஐ எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. வந்தது அது இல்லை என்றதும் பிழை என்று முடிவு செய்கிறது. ப்ராஜெக்ட் ஸ்டேஜ் டெவலப்மென்ட் என்று இருந்தால் ஓர் எச்சரிக்கைப் பெட்டியாவது தோன்றும். புரொடக்ஷன் என்று இருந்தால் அதுவும் இல்லை. பொத்தான் செத்துக் கிடப்பது போலத் தோன்றுவது இதனால்தான். பொதுப் பக்கங்களில் ஃபில்டர் குறுக்கிடாததால் கோரிக்கை ஃபேசஸ் சர்வ்லெட் வரை போகிறது, எக்செப்ஷன் எழுகிறது, உங்கள் ஹேண்ட்லர் வேலை செய்கிறது.

தீர்வு ஃபில்டரில்தான். பயனர் இல்லை என்று தெரிந்ததும், கோரிக்கையின் தலைப்புகளில் ஃபேசஸ்-ரிக்வெஸ்ட் என்பதன் மதிப்பு பார்ஷியல்/ஏஜாக்ஸ் என்று இருக்கிறதா எனப் பாருங்கள். இல்லாவிட்டால் பழையபடி சென்ட் ரீடைரக்ட். இருந்தால் மறுமொழியின் வகையை டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல் என்றும் குறியேற்றத்தை யூடிஎஃப்-8 என்றும் அமைத்து, பார்ஷியல்-ரெஸ்பான்ஸ் என்னும் வேர் உறுப்புக்குள் ரீடைரக்ட் என்னும் உறுப்பையும், அதன் யூஆர்எல் பண்பில் உள்நுழைவுப் பக்க முகவரியையும் எழுதி அனுப்பி, சங்கிலியைத் தொடராமல் திரும்பிவிடுங்கள். அந்த முகவரியில் ஆம்பர்சாண்ட் குறி இருந்தால் எக்ஸ்எம்எல் விதிப்படி மாற்றி எழுத வேண்டும் என்பதை மறந்து, அரை நாளைத் தொலைப்பவர்கள் உண்டு. ஃபேசஸின் வளக் கோப்புகளை ஃபில்டர் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஜாவாக்ஸ்.ஃபேசஸ்.ரிசோர்ஸ் என்று தொடங்கும் பாதைகளையும் தடுத்தால் உள்நுழைவுப் பக்கம் வண்ணமும் ஸ்கிரிப்டும் இல்லாமல் வரும். ஒரு வரம்பையும் சொல்லிவிடுகிறேன்: உள்நுழைவை ஃபில்டரிடம் விடாமல், வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் விதித்து டாம்கேட்டிடமே ஒப்படைத்திருந்தால், அந்தச் சோதனை ஃபில்டர்களுக்கும் முன்பாகவே நடந்துவிடும், அங்கே இந்த வழி பயன்படாது.

ஃபில்டரைத் திருத்திய பிறகு ஃபேக்டரி எதற்கு என்று தோன்றலாம். பொதுப் பக்கங்களுக்கு அது வேண்டும். செஷன் உயிரோடிருக்கும்போதே வியூ காலாவதியாகும் நிலைக்கும் வேண்டும்: நிலையைச் சர்வரில் சேமிக்கும் அமைப்பில் மொஜாரா ஒரு செஷனுக்கு இயல்பாக 15 வியூக்களை மட்டுமே வைத்துக்கொள்கிறது, ஒருவர் நிறையத் தாவல்களைத் திறந்து வேலை செய்துவிட்டுப் பழைய தாவலுக்குத் திரும்பினால், உள்நுழைந்த நிலையிலேயே இந்த எக்செப்ஷன் வரும். அப்படிப்பட்டவரை உள்நுழைவுப் பக்கத்துக்கு அனுப்புவது பொருத்தமன்று. அதே பக்கத்தைப் புதிதாகத் திறந்துகாட்டுவதே முறை. எனவே ஹேண்ட்லருக்குள் பயனர் இருக்கிறாரா என்று பார்த்து இரண்டு வழியாகப் பிரியுங்கள். உள்நுழைவுப் பக்கமே நெடுநேரம் திறந்து கிடந்து காலாவதியாகும் தொல்லைக்கு ஹேண்ட்லர் தேவையில்லை; 2.2 முதல் எஃப்:வியூ உறுப்பின் டிரான்சியன்ட் பண்பை ட்ரூ என்று வைத்தால் அந்தப் பக்கத்துக்கு நிலையே சேமிக்கப்படாது, காலாவதியாக எதுவும் இராது. ஏஜாக்ஸே இல்லாத பயன்பாடாக இருந்தால் ஃபேக்டரி எழுதுவதை விட, வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் இந்த எக்செப்ஷனுக்கு ஓர் எரர்-பேஜ் பதிவு போடுவதையே பரிந்துரைப்பேன். ஆம்னிஃபேசஸ் ஏற்கெனவே திட்டத்தில் இருந்தால் அதன் ஃபுல் ஏஜாக்ஸ் எக்செப்ஷன் ஹேண்ட்லர் ஃபேக்டரியைப் பதிவு செய்துவிட்டு, அதே எரர்-பேஜ் பதிவுகளை ஏஜாக்ஸுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இதே முறையில் அப்ளிகேஷன் ஃபேக்டரியையோ ரெண்டர் கிட் ஃபேக்டரியையோ மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வியூ ஹேண்ட்லர், நேவிகேஷன் ஹேண்ட்லர், ரிசோர்ஸ் ஹேண்ட்லர் ஆகியவற்றை மாற்ற ஃபேக்டரி வேண்டியதே இல்லை. அப்ளிகேஷன் உறுப்புக்குள் அவற்றுக்கென்று தனி உறுப்புகள் இருக்கின்றன, அவையும் இதே ஒற்றை அளவுரு கன்ஸ்ட்ரக்டர் முறையையே பின்பற்றுகின்றன.

கன்ஸ்ட்ரக்டரின் லாக்கே வராத நிலை உங்களுக்கு இல்லை, என்றாலும் சர்வர் மாறும்போது அது வரக்கூடும். டாம்கேட்டில் ஜேஎஸ்எஃப் ஜார் உங்கள் பயன்பாட்டின் லிப் கோப்புறையில் இருக்க வேண்டும். வைல்டுஃப்ளை, பயாரா போன்ற முழுமையான சர்வர்களில் அது சர்வரிலேயே இருக்கிறது. டாம்கேட்டுக்காகக் கட்டிய வார் கோப்பை அப்படியே அங்கே ஏற்றினால், ஒரே அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் இரண்டு கிளாஸ் லோடர்கள் வழியாக இரண்டு முறை உள்ளே வரும். உங்கள் ஃபேக்டரி ஒன்றை நீட்டிக்கும், சர்வர் இன்னொன்றை எதிர்பார்க்கும். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும் கிளாஸ் காஸ்ட் எக்செப்ஷன் வரும். மேவனில் அந்தச் சார்பை ப்ரொவைடட் என்று குறிப்பது இதற்காகத்தான். பயன்பாடு தொடக்கத்தில் முறையாக அமைக்கப்படவில்லை, இன்ன ஃபேக்டரியைக் காணவில்லை என்னும் இல்லீகல் ஸ்டேட் எக்செப்ஷன் வந்தால், செய்தியில் பெயர் சொல்லப்படும் ஃபேக்டரியைத் துரத்திப் பயனில்லை. தொடக்க நிலை அமைப்பு எங்கோ இடறி நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். லாகில் அதற்கு மேலே போய் முதல் பிழையைத் தேடுங்கள். ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்பில் மூடாமல் விட்ட ஓர் உறுப்போ, தவறாக எழுதிய கிளாஸ் பெயரோ அங்கே கிடைக்கும்.

ஜகார்த்தா மாற்றத்தைப் பொறுத்தவரை, 2020-இல் வந்த ஜகார்த்தா ஃபேசஸ் 3.0 பேக்கேஜ் பெயர்களை ஜாவாக்ஸ் என்பதிலிருந்து ஜகார்த்தா என்று மாற்றியது. ஃபேக்டரி முறை அப்படியே இருக்கிறது. ஜாவா கோப்புகளில் விட்டுப்போன பழைய இம்போர்ட்டுகளை கம்பைலர் காட்டிக்கொடுத்துவிடும். அது காட்டாத முக்கிய இடங்கள் மூன்று. ஃபேசஸ்-கான்ஃபிக் கோப்பின் நேம்ஸ்பேஸ் ஒன்று. வெப் எக்ஸ்எம்எல் கோப்பில் உள்ள கான்டெக்ஸ்ட் அளவுருக்களின் பெயர்களும் எரர்-பேஜ் பதிவில் எழுதிய எக்செப்ஷனின் பெயரும் இன்னொன்று. மூன்றாவதுதான் எளிதில் தப்பிவிடுவது: ஃபேக்டரியை சர்வீசஸ் கோப்புறை வழியாகப் பதிவு செய்யும் ஜார் ஏதேனும் உங்களிடம் இருந்தால், அங்கே மாற வேண்டியது கோப்பின் உள்ளடக்கம் இல்லை, கோப்பின் பெயர். பழைய பெயரில் இருக்கும் கோப்பை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். பிழைச் செய்தியும் வராது.

எல்லாவற்றையும் திருத்தியபின் சோதிப்பதற்கு, டாம்கேட்டின் இயல்பான 30 நிமிடம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். உள்நுழைந்தவர்களுக்கான பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, பிரௌசரின் டெவலப்பர் கருவிகளில் ஜேசெஷன்ஐடி குக்கியை மட்டும் அழித்துவிட்டு ஏஜாக்ஸ் பொத்தானை அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலில் அந்தக் கோரிக்கையின் மறுமொழியைத் திறந்தால் பார்ஷியல்-ரெஸ்பான்ஸும் அதற்குள் ரீடைரக்ட் உறுப்பும் தெரிய வேண்டும். ஹேண்டில் மெத்தடின் லாக் இந்தச் சோதனையில் வராது, வரவும் கூடாது. அடுத்து ஒரு பொதுப் பக்கத்தில் அதையே செய்யுங்கள். இந்த முறை லாக் வர வேண்டும், மறுமொழி அதே வடிவில் இருக்க வேண்டும். கடைசியாக, உள்நுழைந்த நிலையில் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டுவிட்டு, மற்றொரு தாவலில் இருபது முறையாவது வெவ்வேறு பக்கங்களைத் திறந்துவிட்டு, முதல் தாவலுக்குத் திரும்பிப் பொத்தானை அழுத்துங்கள். உள்நுழைவுப் பக்கம் வராமல் அதே பக்கம் புதிதாகத் திறந்தால், ஹேண்ட்லருக்குள் நீங்கள் எழுதிய இரண்டாவது கிளையும் வேலை செய்கிறது.